இறங்காத கை

மணியை அடித்து இரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் நாற்றம் வெளியே வந்தது. அதற்குப் பின்னால்தான் அந்தப் பெண்மணி வந்தார்.

"கைகாட்டி மாட்டுற சார்தானே? வாங்க, வாங்க. ஒன்பது மணின்னு சொன்னீங்க, டாண்ணு வந்துட்டீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் காற்று உள்ளே போகும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தரையைப் பார்த்தேன். பெருக்கித் துடைத்து, மருந்துத் தண்ணீர் தெளித்த தரை. ஒரு குறை சொல்ல முடியாது. அப்படியானால் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் பட்டப்பெயர் சோப்பு. வைத்தவள் என் மனைவி, ஊர் பூராவும் பரப்பியவன் என் மைத்துனன். நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறேன் என்று இருவரும் வேலை வெட்டி இல்லாமல் எண்ணி, இருபத்து மூன்று என்று என்னிடமே அறிவித்தார்கள். பிறர் வீட்டுத் துண்டில் கை துடைக்க மாட்டேன். பிறர் வீட்டு டம்ளரில் வாய் வைக்க மாட்டேன். அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், நாற்றம் என்றால் கோபத்தோடு குமட்டலும் வரும். அந்த வீட்டில் நடந்ததில் இந்த மூக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

தொழில், மாடல் ரயில் பாதைகளுக்கு அசையும் கைகாட்டி, அதாவது பழைய காலத்து சிக்னல் கம்பம், மாட்டுவது. வளர்ந்த மனிதர்கள் வீட்டுக்குள் மேசை போட்டு, மலையும் சுரங்கமும் ஸ்டேஷனும் செய்து, விரல் நீள ரயிலை ஓட்டுவார்கள். பொம்மை என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். ரயில் ஜோராக ஓடும், கைகாட்டி மட்டும் நட்ட கம்பு மாதிரி நிற்கும். அதை அசைய வைப்பவன் நான். தீப்பெட்டி அளவு சர்வோ மோட்டாரைப் பலகைக்கு அடியில் திருகி, அதிலிருந்து ஒரு கம்பியை மேலே ஏற்றிக் கைகாட்டியின் கையோடு இணைத்துவிட்டால் போதும். சுவிட்சைத் தட்டினால் கை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். இறங்கி நிற்கும்போது நிஜக் கைகாட்டி மாதிரியே ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். அந்தத் துள்ளலுக்குத்தான் என்னைத் தேடிக் கூப்பிடுவார்கள்.

கூடத்தில் முக்கால்வாசியை மேசை அடைத்திருந்தது. மிச்ச இடத்தில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு கிழவர் தலையணைகளில் சாய்ந்து, வலது கையைச் சாய்வாக மேலே தூக்கியபடி என்னைப் பார்த்தார். எனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கினேன்.

நான் இறக்கிவிட்டேன். அவர் இறக்கவில்லை.

"எட்டு மாசமா அப்படித்தான் சார்," என்றார் மகள். "பக்கவாதம் வந்த அன்னைக்குத் தூக்கின கை. தூங்கும்போதும் இறங்காது. நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தொங்கிப் பார்த்துட்டோம்."

அக்குளில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுக்கு மேலே மஞ்சளாக ஊறியிருந்தது. நான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவர் பார்வையைத் திருப்பவில்லை.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. தோள்ல நரம்பை வெட்டிக் கையை இறக்கப் போறாங்களாம். இவரோட இதயம் மயக்க மருந்தைத் தாங்குமான்னு டாக்டருக்கே சந்தேகம். புண்ணு உள்ள போயிடுச்சு, வெட்டாம விடவும் முடியாதுங்கிறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேச்சு போயிடுச்சே தவிர கண்ணு எப்பவும் அந்த ஹோம் சிக்னல் மேலதான் சார். இவரே பண்ணின மாடல். எல்லாம் பண்ணினார், கைகாட்டிக்கு மட்டும் மோட்டார் வைக்கவே மாட்டேன்னுட்டார். அந்தக் கை இறங்குறதைப் பார்த்தா இவர் கையும் இறங்கிடும்னு எனக்கு ஒரு எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான். சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரால் சிரிக்க முடியும்?

நாற்றம் புண்ணிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கட்டிலின் பக்கம் போனபோது பவுடர் வாசனையும் களிம்பு வாசனையும்தான் இருந்தன. மேசைப் பக்கம் திரும்பியதும் முகத்தில் அறைந்தது. மழையில் நனைந்த தோல், கெட்ட முட்டை, வாய் கழுவாத ஆள் கிட்டத்தில் நின்று விடும் மூச்சு. மூன்றும் கலந்த மாதிரி.

"உங்களுக்கு... ஏதும் வாடை வரலையாம்மா?"

"எனக்கா? நான் ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருபது வருஷம் சார். ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் பார்த்துப் பார்த்து மூக்கு செத்தே போச்சு," என்று சிரித்தார். "வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. எலி கிலி செத்துக் கிடக்கோ என்னவோ. அடில போறீங்கல்ல, பார்த்துட்டுச் சொல்லுங்க."

டீ கொண்டு வந்து வைத்தார். கோப்பை விளிம்பில் ஒரு விரல் ரேகை இருந்தது. ஆறட்டும் என்று சொல்லி ஓரமாக நகர்த்தினேன்.

மாடலைப் பார்த்தேன். வேலைப்பாட்டைப் பொறுத்தவரை அந்தக் கிழவர் சாதாரண ஆள் இல்லை. அவர் முப்பது வருடம் கைகாட்டி லீவர்களை இழுக்கும் கேபின்மேனாக வேலை பார்த்த ஸ்டேஷனை அப்படியே இறக்கியிருந்தார். இரண்டு பிளாட்பாரம், கேபின், தண்ணீர்த் தொட்டி, வளைந்து சுரங்கத்துக்குள் போய் மறுபக்கம் திரும்பி வரும் பாதை. நான்கு கைகாட்டிகள். நாலாவதுதான் ஸ்டேஷனுக்குள் ரயிலை விடும் ஹோம் சிக்னல், ஸ்டேஷனுக்கு வெளியே, கோடியில், ஒரு வடிகாலுக்குப் பக்கத்தில் நின்றது. அதைத் தாண்டிப் பாதையோரத்தில் கடப்பாரையோடு நாலு ஆட்கள். கடுகு அளவுதான் தலை. ஒருவருக்குத் தலைப்பாகை கட்டியிருந்தார்.

"இவங்க யாரும்மா?"

"தண்டவாளம் ரிப்பேர் பண்ற ஆளுங்க. அது ஒரு பழைய கதை சார். நான் ஸ்கூல் படிச்சப்ப." மகள் தந்தையின் வாயோரத்தைத் துடைத்தபடி சொன்னார். "ஹோம் சிக்னலோட இழுகம்பி அந்த வடிகால் வழியாத்தான் போகும். ஒரு நாள் கம்பி கனமா இழுக்குதுன்னு அப்பா போய்ப் பார்த்துட்டு வந்தாராம். சுத்தமாத்தான் இருந்துச்சாம். அப்புறம் ஒரு ரயில் போச்சு. அப்பா கைகாட்டியை இறக்க லீவரைப் போட்டுட்டு, கை இறங்கிடுச்சு, இனிமே ரயில் வராது, லைன்ல இறங்குங்கன்னு மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார். கை இறங்கலை. எங்கயோ கம்பி மாட்டிக்கிச்சு. அடுத்த ரயில்காரன் கை மேல இருக்கேன்னு வந்துட்டான். நாலு பேரும் போயிட்டாங்க. விசாரணைல அப்பா மேல தப்பில்லைன்னுட்டாங்க. அவர்தான் போய்ப் பார்த்துட்டு வந்தாரே."

கட்டிலில் கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த விபத்து எப்படி நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. நிஜக் கைகாட்டி பயந்தாங்கொள்ளி. கம்பி அறுந்தாலும், லீவர் உடைந்தாலும், தன் கனத்திலேயே கை இறங்கி நேராக நிற்கும். நேராக நீட்டிய கை என்றால் நில். சாய்வாக மேலே தூக்கிய கை என்றால் போ. எது கெட்டாலும் நில் என்றுதான் சொல்லும். கம்பியை எதுவாவது பிடித்துக்கொண்டால் மட்டும்தான் அது பொய் சொல்லும்.

முகமூடி கட்டி, இரண்டு ஜோடி கையுறை போட்டு, டார்ச்சோடு மேசைக்கு அடியில் புகுந்தேன்.

முதல் மூன்றும் மளமளவென்று முடிந்தன. ஒவ்வொரு மோட்டாரையும் முதலில் நடுநிலைக்குக் கொண்டு வந்து, கைகாட்டிக்கு நேர் கீழே திருகி, மேலே கம்பி ஏற்றி, எவ்வளவு ஏற வேண்டும் எங்கே நிற்க வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவு செய்தேன். மூன்று கைகளும் ஏறின, இறங்கின, துள்ளின. மகள் குழந்தை மாதிரி கை தட்டினார். கிழவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாவதுக்காகக் கோடிக்குத் தவழ்ந்தேன். தவழத் தவழ நாற்றம் கெட்டியானது. முகமூடிக்குள் என் மூச்சே நாறியது. டார்ச்சை உயர்த்தினேன்.

பலகையின் மூலையில், வடிகாலுக்கு நேர் கீழே, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

பழுப்பும் பச்சையுமாக ஓர் ஈரக் கட்டி. இரண்டு கை சேர்த்தால்தான் பிடிபடும் அளவு. அதில் முடி இருந்தது. முடியின் நுனியில் ஒரு சொட்டு இறங்கி, நீண்டு, அறாமல் தொங்கியது. கிழவர் எப்போதோ கையால் இழுப்பதற்காகப் போட்ட பழைய இழுகம்பி அதற்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து மேலே ஏறியது. கட்டி மெல்ல உப்பியது. மெல்ல அமுங்கியது. உள்ளே புழு நெளிகிறது, அதனால்தான் அசைகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புழு என்ற நினைப்பே ஆறுதலாக இருந்தது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் புளித்த நீர் ஊறியது. மோட்டார் வர வேண்டிய இடம் சரியாக அந்த இடம். கட்டியை எடுத்தால்தான் திருக முடியும்.

மேலேயிருந்து மகளின் குரல் வந்தது. "சார், அடில ஏதாவது செத்துக் கிடக்கா? பார்த்தீங்களா?"

இருக்கிறது என்றால் எடு என்பார். எடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்பார். இத்தனை வயதில் ஒரு செத்த எலியைத் தொடப் பயப்படுகிறேன் என்று ஒரு பெண்மணியிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் நான் யோசித்தேனா என்றுகூடத் தெரியவில்லை. வாய் கூசாமல் வந்துவிட்டது.

"பார்த்துட்டேம்மா. சுத்தமா இருக்கு."

மேலே கட்டில் கிறீச்சிட்டது.

கட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி மோட்டாரைத் திருகினேன். பழைய இழுகம்பியின் நுனியை அதன் கொம்பில் கட்டினேன். மோட்டார் இழுத்தால் கம்பி வரும், கை ஏறும். மோட்டார் தளர்த்தினால் கை தன் கனத்தில் இறங்கும். நடுவில் கம்பி எதற்குள் போனால் எனக்கென்ன? இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு திருட்டு வேலையை நான் செய்ததே இல்லை. தவழ்ந்து வெளியே வந்து, கையுறையைக் கழற்றாமல், சுவிட்ச் பலகைக்கு முன்னால் நின்றேன்.

"ஐயா பாருங்க," என்றேன், கெட்டிக்காரன் மாதிரி.

தட்டினேன். ஹோம் சிக்னலின் கை அழகாக ஏறியது. அந்தப் பாதைக்கு மின்சாரம் போனது. சுரங்கத்திலிருந்து சின்ன ரயில் வந்து, கைகாட்டியைக் கடந்து, பாதையோரம் நின்ற நாலு பேரையும் கடந்து, ஸ்டேஷன் வழியே வளைந்து மறுபடி சுரங்கத்துக்குள் போனது. மகளின் கண் கலங்கிவிட்டது.

"இப்ப இறக்குங்க சார். இறக்குங்க."

தட்டினேன். அடியில் மோட்டார் முனகித் திரும்பியது. சுவிட்ச் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அந்த விளக்கைத்தான் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

"இறங்கிடுச்சு," என்றேன்.

யாரும் கை தட்டவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கை இறங்கவில்லை. சாய்வாக மேலே நின்றது. கட்டிலில் இருந்த கையும் அதே சாய்வில் நின்றது.

பாதையோரத்தில் அந்த நாலு பேரைக் காணவில்லை.

தண்டவாளத்தின் நடுவில் நின்றார்கள். குனிந்து, கடப்பாரையை ஊன்றி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"யாரு சார் அவங்களை நகர்த்தினது?" மகள் கிசுகிசுத்தார். "பசை போட்டு ஒட்டினதாச்சே."

சுரங்கத்துக்குள் சக்கரச் சத்தம் கேட்டது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. ஸ்டேஷன் விளக்குகள் அணைந்தன.

ரயில் நிற்கவில்லை.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது. விசில் அடித்தது. நீளமாக, உடைந்த குரலில், யாரையோ நகரச் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி. அந்த எஞ்சினில் ஒலி வைக்கவே இல்லை. நான் திறந்து பார்த்திருந்தேன்.

கையை நீட்டி ரயிலைத் தூக்கியிருக்கலாம். நான் நீட்டவில்லை, என் கையுறையில் எதுவோ ஈரமாக இருந்ததைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்தச் சத்தம். அழுகிய பழத்தைச் செருப்புக் காலால் மிதித்தால் வருமே, அது. நாலு தடவை.

ரயில் நின்றது. சக்கரங்களுக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு நீர் கசிந்து, சரளைக்கற்களின் ஊடே வழிந்து, வடிகாலுக்குள் இறங்கியது. முடியும் கூடவே போனது. எஞ்சினின் முகப்பில் தலைப்பாகைத் துணியின் இழை ஒன்று ஒட்டியிருந்தது. நான் அங்கேயே, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகமூடிக்குள் வாந்தியெடுத்தேன்.

துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, என்னை அடையாளம் கண்டுகொண்ட பார்வையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு இவரும் வடிகாலின் கிட்டே போகவில்லை. பாதி தூரம் போயிருப்பார். எதுவோ செத்து அழுகி, கம்பியில் சிக்கிக் கிடந்திருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

"நீங்களும் கிட்ட போகலையா ஐயா?" என்றேன்.

எட்டு மாதமாகப் பேசாத வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"நாத்தம்," என்றார்.

"அப்பா!" மகள் ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்பா பேசிட்டார் சார்! பேசிட்டார்! என்னப்பா? என்ன நாத்தம்?" அழுதார், சிரித்தார், அவர் நெற்றியில் முத்தமிட்டார். அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

மறைத்தது போதும் என்று ஒன்றை மட்டும் சொன்னேன். "அடில ஒண்ணு இருக்கும்மா. கம்பியைப் பிடிச்சிருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அடியில் போனார். நானும் குனிந்து பார்த்தேன். அவருடைய கை கட்டிக்குள் மணிக்கட்டு வரை போனது. கட்டி வாயைத் திறந்து மூடுகிற மாதிரி அந்தக் கையைச் சுற்றி மூடியது.

"எங்க சார்? இங்க ஒண்ணுமே இல்லையே. தூசு கூட இல்ல."

கையை வெளியே எடுத்தார். சுத்தமாக இருந்தது.

அவரால் அதைத் தொட முடியாது. கிட்டே போகாமலே சுத்தம் என்று சொன்னவர்களுக்குத்தான் அது இருந்தது. கிழவருக்கு எழுந்து வர வழியில்லை. மிச்சம் நான்தான்.

போனேன். அதை மட்டும் நம்புங்கள், போனேன். மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, வலது கையை அதற்குள் விட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

முடியும் கொழகொழப்பும் விரலிடுக்கில் வழுக்கின. உள்ளே, இன்னும் உள்ளே. விரல் நுனியில் கம்பி பட்டது. அதைச் சுற்றியிருந்ததை நெம்பினேன். இளகியது. இன்னும் இரண்டு விரற்கடை போனால் கம்பி விடுபட்டுவிடும். மேலே கைகாட்டியின் கை லேசாக நடுங்குவது எனக்குக் கேட்டது.

அப்போது ஒரு கை என் கையைப் பிடித்தது.

காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. கடப்பாரை பிடிக்கிற கை. விரல்கள் ஒவ்வொன்றாக என் விரல்கள் மேல் மடங்கின. பிறகு இன்னொரு கை. பிறகு இன்னும் இரண்டு.

காதோரம் அந்த வாய் நாற்றம் சூடாக வந்தது.

"பார்த்துட்டியா?"

கத்தினேனா, அழுதேனா, தெரியாது. கையை உருவினேன். கையுறை உள்ளேயே தங்கிவிட்டது. தலை பலகையில் மோதியது. பெட்டியை எடுக்கவில்லை, செருப்பைப் போடவில்லை. வாசல் வரை வந்தபோது மகள் பின்னாலேயே ஓடிவந்து, "சார், ஒரு நிமிஷம் சார், கை கொஞ்சம் அசைஞ்சுது சார், அப்பா கையும் அசைஞ்சுது, இன்னொரு தடவை..." என்று கெஞ்சினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அருவருப்பாக இருந்தது. அந்தக் கட்டியின் மேல் இருந்த அருவருப்பு தெருமுனை வரைதான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் என் மேலேயே.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார்.

"மயக்க மருந்து ஏத்தின உடனேயே போயிட்டார் சார். கத்தி வைக்கவே இல்ல. கையை இறக்கவே முடியல. அப்படியேதான் கொண்டு போனோம். வண்டிக் கதவு சாத்த மாட்டேன்னுடுச்சு. உங்க பெட்டியை அனுப்பியிருக்கேன். கையுறை ஒண்ணு அடில கிடந்துச்சு, துவைச்சு உள்ள வச்சிருக்கேன்."

"என்னை மன்னிச்சுடுங்கம்மா."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? அங்கதான் ஒண்ணுமே இல்லையே," என்றார். அவர் நல்லவர். அந்த நல்ல வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெட்டி வந்தது. திறக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. வலது தோளில் ஒரு வலி. கை கழுவுவதும் குறைந்துவிட்டது. சோப்புக்கு என்ன ஆச்சு, கரைஞ்சு போச்சா என்று மைத்துனன் கேலி செய்தான். எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் அந்த வாடை இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

பத்தாம் நாள் காலை, நல்ல வெயில். மனைவி துடைப்பத்தோடு படுக்கையறைக்கு வந்தாள். மூக்கைச் சுளித்தாள். அவள் மூக்கு என் மூக்கு மாதிரி இல்லை, எதற்கும் சுளிக்காத மூக்கு.

"என்னங்க, கட்டிலுக்கு அடில ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி நாறுதே. அந்தப் பெட்டி வந்ததுல இருந்து. திறந்து பார்த்தீங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"பார்த்துட்டேன்," என்றது என் வாய். "சுத்தமா இருக்கு."

"அப்ப சரி. தைரியமா இழுக்கலாம்."

அவள் துடைப்பத்தை வைத்துவிட்டு மண்டியிட்டாள். விரிப்பைத் தூக்கினாள். அவளுடைய முதுகைப் பார்த்தேன். பாதையில் குனிந்து நின்ற அந்த நாலு முதுகுகளும் ஞாபகம் வந்தன. வேண்டாம் என்று கத்தப் பார்த்தேன், குரல் எழவில்லை. அவளைத் தடுக்க வலது கையை நேராக நீட்டினேன்.

அது நேராக நிற்கவில்லை. ஏறியது. சாய்வாக, மேலே போய் நின்றது.

இடது கையால் பிடித்து இழுத்தேன். தொங்கினேன். இறங்கவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன, போகச் சொல்லிக் கை காட்டுறீங்களா? இதோ போறேன்."

தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.

கட்டிலுக்கு அடியில், எங்கோ தூரத்தில், விசில் சத்தம் கேட்டது.